நாற்பத்தொன்றாம் ஒலிக்கோப்பு

ஊரிகம்,
11 ஜனவரி 2025

லூயிசா,

அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நலம் விசாரிக்க எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி எழுதினால் நீயே நம்ப மாட்டாய். உன் கணவனின் கையெழுத்து ஒன்று எனக்குத் தேவைப்படுகிறது. ஆஸ்டினிடம் நேராகக் கேட்க எனக்கு மனமில்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் 'பிட்ஹெட்' என்றொரு கணினி விளையாட்டு வந்தது. சுரங்கம் தோண்டி, தண்டவாளம் போட்டு, அதைச் சுற்றி ஓர் ஊரைக் கட்டுவதுதான் அது. தயாரித்த நிறுவனம் மூடிப் பல காலம் ஆகிறது. பிற்பாடு பல நாட்டு ரசிகர்கள் சேர்ந்து அதன் நிரலை முதல் வரியிலிருந்து புதிதாக எழுதி, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார்கள். ஆனால் படங்களும் ஒலிகளும் பழைய உரிமையாளரின் சொத்தாகவே இருந்தன. பழைய குறுந்தகடு வைத்திருக்கிறவன் மட்டும்தான் விளையாட முடியும். மற்றவர்களுக்குக் கறுப்புத் திரைதான்.

அந்தக் கறுப்புத் திரையை நான் நிரப்பினேன். ஆறு ஆண்டுகள். 2,316 படங்கள், 74 ஒலிகள். ஒன்றுகூடப் பழைய விளையாட்டிலிருந்து எடுத்ததில்லை. எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுக்கிறேன். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் அடுத்த வெளியீட்டில் இந்தத் தொகுப்பைச் சேர்க்கப் போகிறார்கள். சேர்ந்துவிட்டால் உலகத்தில் எவனும் ஒரே ஒரு வரி தட்டச்சு செய்து விளையாட்டையும் என் படங்களையும் ஒன்றாக இறக்கிக்கொள்ளலாம். கடைசி நாள் மார்ச் 15. அதைத் தவறவிட்டால் அடுத்த வெளியீட்டுக்கு இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

தொகுப்பைச் சரிபார்ப்பவள் மேகனா என்ற பெங்களூர்ப் பெண். சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிறாள். சம்பளம் வாங்குகிற எந்த அதிகாரியிடமும் நான் காணாத கண்டிப்பு அவளிடம் இருக்கிறது. போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், ஒரு சின்ன டவுட். முப்பத்தி மூணுலேர்ந்து நாப்பத்தி மூணு வரைக்கும் பதினோரு சவுண்டு. நந்திதுர்க் ஷாஃப்ட்ல 2019-ல நீங்களே ரெக்கார்ட் பண்ணதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"மைன் க்ளோஸ் ஆனது 2001 சார்."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"கேஜை யாரு ஓட்டுனாங்க சார், பேயா?"

அந்தப் பதினோரு ஒலிகளும் ஒரு கேசட்டிலிருந்து எடுத்தவை. நீ ஊரைவிட்டுப் போனபோது விட்டுச் சென்ற பெட்டியில் கிடந்தது. 'ஷாஃப்ட் சத்தம், பிப். 2001' என்று ஆஸ்டினின் கையெழுத்து. அவன் அப்பா நேசமணி நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தவர். ஆட்கள் ஏறும் இரும்புக் கூண்டை, அந்தக் கேஜை, ஏற்றி இறக்கும் இன்ஜின் அறைக்குள் வேறு யாரை விட்டிருப்பார்கள்? பதிவு செய்தவனின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அந்தப் பதினொன்றும் உள்ளே போகாது. அவை இல்லாவிட்டால் விளையாட்டில் இருக்கும் சுரங்கமெல்லாம் ஊமை.

படிவத்தை இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல். வேறு எதுவும் வேண்டாம்.

வால்டர்


பெர்த்,
19 ஜனவரி 2025

அண்ணா,

உன் மின்னஞ்சலை மூன்று முறை படித்தேன். 2,316 படம், 74 ஒலி, ஆறு வருடம், இரண்டு வருடம், பதினோரு கோப்பு. எல்லா எண்ணும் இருக்கிறது. எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று உனக்குத் தெரியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தை ஆஸ்டினிடம் இன்னும் காட்டவில்லை. அவர் சுரங்க முகாமில் இருக்கிறார். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில், அப்படித்தான் எங்கள் பிழைப்பு. வந்ததும் காட்டுகிறேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. கேசட்டில் ஆஸ்டினின் கையெழுத்து இருப்பதைப் பார்த்திருக்கிறாய். அப்புறமும் '2019, பதிவு: வால்டர்' என்று எழுதியிருக்கிறாய். கை தவறி எழுதினாயா?

தொகுப்பை எங்கிருந்து இறக்குவது என்றும் சொல். பார்க்க வேண்டும்.

லூயிசா


ஊரிகம்,
21 ஜனவரி 2025

லூயிசா,

கை தவறவில்லை. வேண்டுமென்றே எழுதினேன். நீ கேட்டதால் சொல்கிறேன். மேகனாவிடம் மறதி என்றுதான் சொன்னேன்.

2004-இல் நடந்தது உனக்கு உன் கணவன் சொன்ன விதத்தில்தான் தெரியும். என் விதத்தையும் கேள். இருவரும் ஒரே அலுவலகம். காலை ரயிலில் ஒன்றாகப் பெங்களூர் போய் இரவு ஒன்றாகத் திரும்புவோம். சரக்கு லாரிகளுக்குக் குறுக்கு வழி கண்டுபிடித்துச் சொல்லும் நிரலை அந்த ரயிலில்தான் எழுதினோம். வழி கண்டுபிடிக்கும் பகுதி முழுக்க என்னுடையது. திரையில் பொத்தான் வைத்தவன் அவன். நிர்வாகத்திடம் காட்டும் நாளில் எனக்குக் காய்ச்சல். அவன் மட்டும் போனான். முதல் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. ஆறு மாதத்தில் அவனை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். என்னை இன்னும் ஐந்து ஆண்டு அதே ரயிலில் அனுப்பினார்கள். இன்று நான் தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் பிள்ளைகளுக்கு மின்சுற்று வரைபடம் நடத்துகிறேன். அவன் பெயரை ஓர் இடத்திலாவது நான் விட்டுவிட வேண்டும் என்று இருபது ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். இடம் கிடைத்தது, விட்டேன்.

போகட்டும். தொகுப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாய். இணைப்பு கீழே இருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்களில் இதைக் கேட்ட முதல் ஆள் நீதான். பாலிடெக்னிக்கின் ஆண்டு விழாவில் காட்டலாமா என்று முதல்வரைக் கேட்டதற்கு, ரங்கோலிப் போட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை தருவதாகச் சொன்னார். உன் அண்ணி ஜெனிட்டாவோ, "ஆறு வருஷமா பொம்ம போட்டுகினு கீறீங்க. அதுல ஒரு பொம்மையாவது எந்திரிச்சி வந்து ஒட்டட அடிக்குதா பாருங்க" என்கிறாள்.

பழைய விளையாட்டில் எல்லாம் ஐரோப்பிய நிலக்கரி ஊர். நான் அப்படிப் போடவில்லை. சுரங்கத்தின் மேலே நிற்கும் இரும்புக் கோபுரம் நம் ஊர்க் கோபுரம். வீடுகள் சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த நம் லைன் வீடுகள், தகரத் தட்டி, மூங்கில் படல் வரைக்கும். ரயில் நிலையம் ஊரிகம் ஸ்டேஷன். வண்டிகளை எட்டுத் திசைக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். நிழல் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் விழ வேண்டும். ஒரே ஒரு வேகனுக்கு நான் இருபத்தாறு நாள் எடுத்திருக்கிறேன். அந்த ரசிகர் குழுவின் நார்வேக்காரன் ஒருவன் சைனைட் மேடுகளைப் பார்த்துவிட்டு, "பனிமலைகள் அருமை, ஆனால் வெயில் நாட்டுப் படத்தில் பனி எப்படி?" என்று குறை எழுதினான். அது பனி இல்லை, தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் என்று பதில் எழுதினேன். "அதில் சறுக்குவீர்களா?" என்று கேட்டான். சறுக்கிக் கால்சட்டை கிழிந்து அடி வாங்கியிருக்கிறோம் என்றேன். குறையைத் திரும்பப் பெற்றுக்கொண்டான்.

எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருந்தாய். இரண்டு. அம்மாவின் அடக்கத்துக்கு அழைத்து வந்திருந்தாய். பெரியவன் என்னிடம் வந்து கழிவறை எங்கே என்று கேட்டான். காட்டினேன்.

கையெழுத்து மார்ச் முதல் வாரத்துக்குள் வந்தால் போதும்.

வால்டர்


பெர்த்,
9 பிப்ரவரி 2025

அண்ணா,

இறக்கிவிட்டேன். சின்னவன் எல்லாவற்றையும் நிறுவித் தந்தான். நான்கு நாட்களாக வேலை முடிந்து வந்ததும் அதன் முன்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று முறை என் ஊர் திவாலாகிவிட்டது.

உனக்குப் புகழ்ச்சி பிடிக்காது என்பாய், பொய். ஆகவே சொல்கிறேன். நன்றாக இருக்கிறது, அண்ணா. வெறும் நன்று இல்லை. ஒரு வீட்டின் வாசலில் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக இருக்கின்றன, என் நகத்தின் அழுக்கு அளவில். பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்று மட்டும் பிளாஸ்டிக் குடம். பெர்த்தில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து கொண்டு நான் சத்தமாகச் சிரித்தேன்.

நான் இங்கே செவித்திறன் சோதிக்கும் நிலையத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, கேட்கிறதா, இப்போது கேட்கிறதா என்று ஆட்களைக் கேட்பதுதான் என் தொழில். அதனால் படங்களைவிட ஒலிகளை அதிக கவனமாகக் கேட்டேன். நாற்பத்தொன்று எனக்குச் சரியாகப் படவில்லை. சுரங்கத்திலிருந்து சரக்கு வரும்போதெல்லாம் அடிக்கும் அந்த பெல். அதை யாராவது பழைய சுரங்க ஆளுக்குப் போட்டுக் காட்டு. ஒன்றும் சொல்லாமல் போடு. அவர் முகத்தைப் பார்.

ஆஸ்டின் வந்தார். படிவத்தைக் காட்டினேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

லூயிசா


ஊரிகம்,
12 பிப்ரவரி 2025

லூயிசா,

போட மாட்டானாம். நல்லது. நான் அவன் பெயரை விட்டதற்கு அவன் திருப்பி அடிக்கிறான். அடிக்கட்டும். ஆனால் 2004-இல் நான் எவனிடமும் போய் முறையிடவில்லை. அவன் இருபது வருடம் கழித்து ஒரு கேசட்டைப் பிடித்துக்கொண்டு என் கழுத்தில் கால் வைக்கிறான். இதை அவனிடம் அப்படியே சொல்.

இப்போது நீ சொன்ன விஷயம். முதலில் செய்ய வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் படித்தவன், ஒலியின் அளவு, இரைச்சல் எல்லாவற்றையும் திரையில் கோடு கோடாகப் பார்த்துத் திருத்தியவன். என் வேலையில் ஒரு பழைய ஆள் என்ன குறை காண்பார் என்ற எண்ணம். நேற்று ஆண்டர்சன்பேட்டையில் உமேஷின் கைபேசி பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய ஸ்பீக்கர் உண்டு. அவன் அப்பா முனுசாமி உள்ளே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். ஒன்றும் சொல்லாமல் நாற்பத்தொன்றைப் போட்டேன்.

மனிதர் எழுந்து நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

"இன்னாச்சு? யாருக்கு அடிபட்டுச்சு?"

"ஒண்ணும் இல்ல முனுசாமி அண்ணே, இது கேமு."

"இன்னா கேமு? நாலு பெல்லு அடிக்கிற. மெல்ல தூக்குன்னு அர்த்தம். ஸ்ட்ரெச்சர் வந்துகினு கீதுன்னு அர்த்தம். எவன்டா இத்த வெச்சது?"

உமேஷ், "நைனா, சார்தான் வெச்சாரு" என்றான்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சவுங்களா நீங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்து கேசட்டை முழுதாகக் கேட்டேன். கேசட்டில் முதலில் மூன்று பெல். அப்புறம் நீண்ட அமைதி. மறுபடி மூன்று பெல், கொஞ்சம் தள்ளி, வேறு சத்தத்தில். அப்புறம் ஒரு பெல். இடையில் இருந்த அமைதி வீண் என்று வெட்டினேன். இரண்டாவது மூன்று பெல் எதிரொலி என்று நினைத்து எடுத்தேன். மிச்சத்தை ஒட்டினேன். மூன்றும் ஒன்றும் நான்கு. கேஜில் ஏறிப் பிழைப்புக்குப் போன வீட்டில் பிறந்தவன் செய்த வேலை இது. இரண்டு வருடமாக அந்தத் தொகுப்பு இணையத்தில் கிடக்கிறது. எத்தனை நாட்டில் எத்தனை பேர் வீட்டில் ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் அடிபட்ட ஆள் மேலே வந்துகொண்டிருந்தானோ தெரியாது. ஒருவனும் குறை எழுதவில்லை. அந்த பெல்லின் அர்த்தம் தெரிந்த நம் ஊர்க்காரன் எவனும் அதை விளையாடவில்லை.

இதை ஆஸ்டின்தான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவன் அப்பாவிடம் கற்றிருப்பான். இவ்வளவு தெரிந்தவன் கையெழுத்தை மட்டும் ஏன் மறுக்கிறான்?

வால்டர்


பெர்த்,
20 பிப்ரவரி 2025

அண்ணா,

இதை எழுதி, அழித்து, மறுபடி எழுதுகிறேன். ஒரு வாரம் ஓடிவிட்டது.

ஆஸ்டினுக்கு பெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் அந்த அறைக்குள் ஒரு முறைகூடப் போனதில்லை. அந்தக் கேசட்டைப் பதிவு செய்தது நான்.

2001 பிப்ரவரி 22, வியாழக்கிழமை. சபை இளைஞர் கூட்டத்தில் பெரிய வெள்ளி நாடகத்துக்கு ஒத்திகை ஆரம்பித்திருந்தோம். சிலுவைக் காட்சியில் பூமி அதிர வேண்டும். தகரத்தை ஆட்டிப் பார்த்தார்கள், சிரிப்பு வந்தது. அதைவிட நல்ல சத்தம் எனக்குத் தெரிந்த ஒரே இடத்தில்தான் இருந்தது. நீயும் ஆஸ்டினும் காலை ரயிலில் பெங்களூர் போன பிறகு உன் டேப்ரிக்கார்டரை எடுத்தேன். தொட்டால் கையை உடைப்பேன் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, அதே டேப்ரிக்கார்டர். நேசமணி மாமாவின் சாப்பாட்டுக் கேரியரை நான் கொண்டுபோகிறேன் என்று அவர் வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் யாரும் தடுக்கவில்லை. மூடப்போகிற இடத்தில் யாருக்கு என்ன அக்கறை?

"இன்னா பாப்பா, டேப்பு இன்னாத்துக்கு?" என்றார் மாமா.

"நாடகத்துல பூமி அதிரணும் மாமா."

"அப்ப இதான் சரியான எடம். அந்த மூலையில குந்து. மூச்சு உடாத."

குந்தினேன். ஒன்றரை மணி நேரம். இன்ஜின் திரும்பும்போது தரை என் முதுகெலும்பு வழியாக ஏறி வந்தது. பெல் அடித்ததும் அவர் திரும்பாமலே சொல்லிக்கொடுத்தார். கீழே இருந்து மூன்று பெல்: ஆட்கள் ஏறுகிறார்கள். மேலே இருந்து பதிலுக்கு மூன்று: தெரிந்துகொண்டேன். அதற்கு அப்புறம்தான் ஒன்று: தூக்கு. "பதிலு வராம எவனும் தூக்க மாட்டான் பாப்பா. அதுக்குள்ள எத்தினி உயிரு கீது" என்றார். நீ வீண் என்று வெட்டியது கீழே ஆட்கள் ஏறி முடிக்க அவர் காத்திருந்த நேரம். எதிரொலி என்று எடுத்தது அவர் கொடுத்த பதில்.

நாடகத்தில் ஒலிப்பெட்டியை ஆஸ்டின் பார்த்துக்கொண்டார். அவர் எழுத்து அழகாக இருக்கும் என்பதால் கேசட் அட்டையில் அவர்தான் எழுதினார். நாடகம் முடிந்து போதகர் மேடையில் நன்றி சொன்னார்: "பூமி அதிரச் செய்த தம்பி ஆஸ்டினுக்கு." எல்லோரும் கைதட்டினார்கள். நீயும் தட்டினாய். நான் மரியாளின் முக்காட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதுதான் இப்போது கோபமாக இருக்கிறது.

படிவத்தைக் காட்டியபோது ஆஸ்டின் பேனாவை எடுத்துவிட்டார், அண்ணா. பெயரின் முதல் எழுத்தைக்கூட எழுதிவிட்டார். அப்புறம் பேனாவை மூடினார். "இது என்னுது இல்ல லூயி. அட்டையில எழுதுனேன், அவ்ளோதான். உங்கண்ணன் விஷயத்துல ஒரு தடவ பண்ணது போதும்" என்றார். உன்னிடம் இதைச் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொல்கிறேன்.

டேப்ரிக்கார்டர் உன்னுடையது, ஆகவே பதிவும் உன்னுடையது என்று வாதாடலாம் என்று நினைக்காதே. மேகனாவுக்கு எழுதிக் கேட்டுவிட்டேன். "மேடம், பேனா யாருதா இருந்தா என்ன, எழுதினவங்கதான் எழுத்தாளர்" என்று ஒரே வரியில் பதில் போட்டாள்.

நீ ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது உன் பெயர் போய்விட்டது என்று இருபது வருடம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் கல்யாணத்தில் சாப்பிடாமல் கை கழுவிக்கொண்டு போனாய். ஆனால் ஒரு சத்தத்தைக் கேட்டதும், அது ஓர் ஆணின் வேலை என்பதில் உனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆஸ்டின், இல்லாவிட்டால் நீ. வீட்டில் இன்னொருத்தி இருந்தாள்.

என் சம்மதம் உனக்கு வேண்டுமானால் கேள். அண்ணன் தங்கையிடம் கேட்பது போல வேண்டாம். முன்பின் தெரியாத ஒரு கலைஞரிடம் எப்படிக் கேட்பாயோ அப்படி.

லூயிசா


ஊரிகம்,
16 மார்ச் 2025

லூயிசா,

நேற்றோடு நாள் முடிந்தது. தொகுப்பு உள்ளே போகவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி வரவில்லை. என் பக்கம் நியாயம் என்று இருபது ஆண்டு எழுதிப் பழகிய கை. வேறு மாதிரி எழுதச் சொன்னால் நின்றுவிட்டது. அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். நாற்பத்தொன்றைப் பிரித்தேன். மூன்று பெல், அமைதி, பதில் மூன்று, ஒன்று. மொத்தம் பத்தொன்பது நொடி வந்தது. ஆனால் விளையாட்டின் நிரல் எந்த ஒலியையும் மூன்று நொடியில் வெட்டிவிடும். அமைதியைச் சுருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சுருக்கவில்லை. நிரலைப் படித்து, இந்த ஒரு ஒலி முடியும்வரை கேஜ் காத்திருக்கும்படி பதினான்கு வரி எழுதி, அந்த ரசிகர் குழுவுக்கு அனுப்பினேன். "ஒரு பெல்லுக்காக முழு விளையாட்டும் பத்தொன்பது நொடி நிற்க வேண்டுமா?" என்று நார்வேக்காரன் கேட்டான். ஏன் என்று எழுதினேன். மறுநாள் ஏற்றுக்கொண்டார்கள். இனி உலகத்தில் யார் அந்த விளையாட்டைத் திறந்தாலும், மேலிருந்து பதில் வராமல் கேஜ் நகராது. முனுசாமியிடம் போட்டுக் காட்டினேன். உட்கார்ந்தபடியே கேட்டார். "ஆங். இப்ப ஏறலாம்" என்றார். இந்த ஆறு ஆண்டில் எனக்குக் கிடைத்த பட்டம் அதுதான்.

பதினான்காம் தேதி மேகனா கூப்பிட்டாள்.

"சார், மேடம்கிட்டேர்ந்து கன்சென்ட் வரலையா?"

"நான் இன்னும் கேக்கல."

"கேக்கலையா! சரி சார், ஒண்ணு பண்ணலாம். அந்தப் பதினொண்ணையும் தூக்கிட்டு சைலண்ட் ஃபைல் போட்டுடலாம். இன்னிக்கே உள்ள போயிடும். மத்தது எல்லாம் உங்க பேருதானே?"

ஆறு ஆண்டுகளாக நான் காத்திருந்த வாக்கியம் அது. எல்லாம் உங்கள் பெயர்.

"வேணாம்மா" என்றேன்.

"சார், இன்னும் ரெண்டு வருஷம்."

"தெரியும்."

"அவங்க யாரு சார் உங்களுக்கு?"

"அந்தப் பதினோரு ஒலியோட கலைஞர்" என்றேன். பேச்சுக்காகச் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு முதல் வரி எனக்கு வந்துவிட்டது. கடைசி நாளுக்காகக் கேட்டதாக ஆகிவிடக் கூடாது என்று அது கடக்கும்வரை அனுப்பவில்லை.

ஆஸ்டின் உன்னிடம் சொன்னதை நீ எனக்கு எழுதினாய். அவன் என்னிடம் சொல்லவில்லை. ஆகவே அவன் விஷயத்தில் நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன். ஆனால் பேனாவை மூடினான் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

இனி வருவது உனக்கு அல்ல.

திருமதி லூயிசா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் 2001-ஆம் ஆண்டு நந்திதுர்க் வைண்டிங் அறையில் செய்த ஒலிப்பதிவைத் தங்கள் அனுமதி இல்லாமலும், தங்கள் பெயரை மறைத்தும், தவறாக வெட்டியும் என் தொகுப்பில் பயன்படுத்தியிருக்கிறேன். மூன்றும் என் பிழைகள். வெட்டியதைச் சரிசெய்துவிட்டேன். பெயரையும் திருத்திவிட்டேன், ஆவணத்தில் தங்கள் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். திருமணத்துக்கு முன் செய்த பதிவு என்பதால் அப்பாவின் பெயரா, இப்போதைய பெயரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதினோரு ஒலிகளும் இல்லாமல் இந்தத் தொகுப்பை வெளியிட எனக்கு விருப்பம் இல்லை. அவற்றைப் பொது உரிமத்தில் வழங்கத் தங்களால் இயலுமா என்று பணிவுடன் கேட்கிறேன். இயலாது என்றால் அதுவும் தங்கள் உரிமை.

இப்படிக்கு,
வால்டர்


பெர்த்,
23 மார்ச் 2025

மதிப்பிற்குரிய வால்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. புதிய நாற்பத்தொன்றை எங்கள் நிலையத்தின் சோதனை அறையில் வைத்துக் கேட்டேன். வெளிச்சத்தம் எதுவும் நுழையாத அறை அது. பன்னிரண்டாவது நொடியில், பதில் பெல்லுக்குச் சற்று முன்னால், ஒரு பெண் மூச்சை இழுத்து அடக்குவது கேட்கிறது. தாங்கள் அதை இரைச்சல் என்று நீக்கிவிடாமல் இருந்ததற்கு நன்றி. நீக்க வேண்டாம்.

இரண்டு வருடம் போனதற்காக வருந்த வேண்டாம். என் சக ஊழியர்கள் நான்கு பேருக்கு விளையாட்டை நிறுவிக் கொடுத்துவிட்டேன். பத்தொன்பது நொடி ஏன் நிற்கிறது என்று கேட்கிறார்கள். உட்கார வைத்துச் சொல்கிறேன். இந்த ஊரில் நான் இவ்வளவு பேசி யாரும் பார்த்ததில்லை.

மேகனாவுக்கு அனுப்ப வேண்டிய வாசகம் கீழே. கையெழுத்திட்ட பிரதியையும் இணைத்திருக்கிறேன்.

'முப்பத்து மூன்று முதல் நாற்பத்து மூன்று வரையிலான பதினோரு ஒலிகளையும் 2001 பிப்ரவரி 22 அன்று நந்திதுர்க் வைண்டிங் அறையில் நான் பதிவு செய்தேன். இவற்றை யாரும் பயன்படுத்தலாம். மாற்றலாம். வெட்டலாம், ஒட்டலாம், விற்கலாம். என்னைக் கேட்க வேண்டியதில்லை. பதிவு செய்தவர் பெயரை எல்லாப் பிரதியிலும் எழுத வேண்டும். பெயர்: லூயிசா. முன்னாலும் பின்னாலும் வேறு யார் பெயரும் வேண்டாம்.'

லூயிசா